போனுக்குள் இருந்த லுத்ஃபி

பிப்ரவரி 6, செவ்வாய்

எந்த வேலையையும் வரிசை எண் போட்டுத் தொடங்குவது எனக்குப் பழக்கம். எங்கள் ஊர் ஸ்ஃபாக்ஸின் துறைமுக அலுவலகத்தில் கடலின் ஏற்ற இறக்கத்தைக் கணித்து எழுதிய காலத்திலிருந்து வந்தது. எண் போட்டால் பயம் குறைகிறது. போவதில்லை, குறைகிறது.

1. நடந்தது: நஸீஹாவின் போனில் புதுப்பிப்பை அழுத்தியது நான். அதனால் அவளுக்கு வாசித்துக் காட்டிவந்த குரல் போய்விட்டது.
2. நேர்வழியில் அதைத் திரும்பப் பெற முடியுமா: முடியாது என்று நினைக்கிறேன். உறுதி செய்ய வேண்டும்.
3. குறுக்கு வழி: போனின் பூட்டைத் திறந்து, அதன் அடிமட்டம் வரை கை வைக்கும் உரிமையை எடுத்துக்கொள்வது. ரூட் செய்வது என்கிறார்கள். செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும்.
4. அழியுமுன் எவற்றை எடுத்து வைக்க வேண்டும்.
5. அதற்குப் பிறகு வரும் புதுப்பிப்புகளை என்ன செய்வது.
6. இவ்வளவு பாடு எதற்கு: என் வாசிப்பைவிட லுத்ஃபியின் வாசிப்புதான் அவளுக்குப் பிடிக்கும். இதில் ஆராய ஒன்றுமில்லை.

ஆறாவதை எழுதும்போது கை தயங்கியது. ஆனாலும் உண்மைதானே?

இரண்டு வருடமாக நஸீஹாவின் பார்வையில் நடுப்பகுதி இருட்டு. ஓரங்களில் மட்டும் வெளிச்சம். என் முகத்தைப் பார்க்க என் காதைப் பார்க்கிறாள். எழுத்து அடியோடு போயிற்று. போன்தான் அவளுக்கு வாசித்தது. கெர்கென்னாத் தீவிலிருந்து அவள் தங்கை ஸால்ஹா எழுதும் நீண்ட செய்திகள், எங்கள் பேட்டையின் இணையப் பக்கத்தில் நடக்கும் சண்டைகள், மரண அறிவிப்புகள். நடுவயது ஆணின் குரல். லேசான கரகரப்பு, அவசரமே கிடையாது. முதல் நாளே சொன்னாள்: "அட, தபால் ஆபீஸ் லுத்ஃபி மாதிரியே இருக்கு!" லுத்ஃபி, எனக்கு முன்னால் அவளைப் பெண் கேட்டு வந்தவன். அன்றிலிருந்து அந்தக் குரலுக்கு ஸி லுத்ஃபி என்றே மரியாதை. காலையில், "ஸி லுத்ஃபி எழுந்தாச்சா?" என்றுதான் கேட்பாள். நான் எழுந்தேனா என்று அதற்குப் பிறகு கேட்பாள்.

'உங்கள் கருவி ஆபத்தில் உள்ளது' என்று போன் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. என்னிடம் அப்படிச் சொல்லலாமா? போன வாரம் அழுத்திவிட்டேன். அணைந்து எழுந்தபோது லுத்ஃபி இல்லை. இளம்பெண் ஒருத்தி இருந்தாள். உற்சாகமானவள்.

நஸீஹா அவளை ஒரு நாள் பொறுத்துக்கொண்டாள். பிறகு, "இவ என்ன, விமானத்துல காப்பி குடுத்துக்கிட்டு இருந்தவளா? செத்தவங்க பேரைச் சிரிச்சுக்கிட்டே வாசிக்கிறா மனுஷா!" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். இன்னும் கவிழ்ந்தே கிடக்கிறது.

பிப்ரவரி 7, புதன்

இரண்டாவது எண் உறுதியாகிவிட்டது. தயாரித்தவர்களின் உதவிப் பக்கத்தில், பழைய குரல் நீக்கப்பட்டது, புதியது மேலானது என்கிறார்கள். யாருக்கு?

பிப்ரவரி 8, வியாழன்

நானே வாசித்தால் என்ன என்று தோன்றியது. ஸால்ஹாவின் செய்தியை எடுத்தேன். நன்றாகத்தான் போயிற்று. நடுவில் கணவன்மாரைப் பற்றி ஒரு பகுதி வந்தது. என் பெயரும் இருந்தது.

"ஏதோ தாண்டிட்டே" என்றாள்.

"இல்லையே."

"லுத்ஃபி தாண்ட மாட்டான்."

மத்தியானம் வழக்கம்போல் துப்பறியும் நாவல் வாசித்தேன். பாப் திவான் நடைபாதையில் வாங்கிய பழைய புத்தகக் கட்டிலிருந்து ஒன்று. அவள் கண் போனதிலிருந்து தினமும் சாப்பாட்டுக்குப் பின் இது நடக்கிறது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் கண்ணை மூடிவிட்டாள். தினமும் அப்படித்தான். என் குரல் தூக்கம் வரவழைக்கிற குரல். நிறுத்தினால் விழித்துக்கொள்வாளோ என்று அத்தியாயம் முடியும் வரை வாசித்துக்கொண்டே இருப்பேன். சுவருக்கு வாசிப்பது போலத்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடிக்கும்.

ஸால்ஹாவுக்குப் பதில் போய்ப் பத்து நாளாகிறது. "என்னத்தை எழுத" என்கிறாள் நஸீஹா. சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் பார்க்க என்ன இருக்கிறது அவளுக்கு?

பிப்ரவரி 10, சனி

ராதியாவிடம் போனேன். பாப் ஜெப்லி சந்தைக்குப் பின்னால், உப்பு மீன் விற்பவனுக்கும் மருந்துக்கடைக்கும் இடையில், ஒரு அலமாரி அகலத்தில் போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். நாற்பது வயதிருக்கும். நரைத்த தலை எல்லாவற்றையும் ஹாஜி என்பாள். நான் ஹஜ்ஜுக்குப் போனதில்லை என்று இரண்டு தடவை திருத்திப் பார்த்து விட்டுவிட்டேன்.

"ரூட்டா? யார் போன் ஹாஜி?"

"மனைவியுடையது."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும்… சொல்லவில்லை."

"முதல்ல போய்ச் சொல்லுங்க. போன வருஷம் ஒருத்தர் வீட்டுக்காரி போனை அவங்களுக்குத் தெரியாம திறந்தார். இப்ப அம்மா வீட்டுல இருக்கார். அறுபது வயசு."

விஷயத்தை முழுதாகச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டு மேசை இழுப்பறையைத் துழாவினாள். நஸீஹாவுடையதைப் போலவே ஒரு போன், கண்ணாடி நொறுங்கியது. எடுத்துப் போக ஆள் வரவே இல்லையாம். புதுப்பிக்காதது. கம்பி மாட்டி உயிர் கொடுத்து எதையோ அழுத்தினாள். கரகரப்பாக, அவசரமில்லாமல், "மின்கலம் குறைவாக உள்ளது" என்றது.

என் கண் ஏன் கலங்க வேண்டும்? அவனால் எனக்கு என்ன லாபம்?

"உங்க ஆளு இங்கதான் ஒளிஞ்சிருக்கான்" என்றாள் ராதியா. "இவனைக் கோப்பா எடுத்துத் தர்றேன். ஆனா அந்தப் போன்ல உக்கார வைக்கணும்னா பூட்டைத் திறந்தாகணும். நான் கண்ணாடி மாத்துறவ ஹாஜி. ரூட் பண்ணப் போய்ச் செத்த போனுக்கு என் கடையில ஃபாத்திஹா ஓத முடியாது. நீங்க செய்யுங்க, நான் பக்கத்துல நின்னு திட்டுறேன்."

பிப்ரவரி 11, ஞாயிறு

நஸீஹாவிடம் கேட்டேன். உடனே தலையாட்டவில்லை.

"உள்ள இருக்கறதெல்லாம் அழியுமா?"

"முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுவேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாவற்றையும். பட்டியல் போட்டு."

கொஞ்ச நேரம் என் காதையே பார்த்தாள். "சரி. உன்னை நம்பாட்டியும் உன் பட்டியலை நம்பறேன்."

பிப்ரவரி 13, செவ்வாய்

நான்காவது எண். படங்கள், தொலைபேசி எண்கள், ஸால்ஹாவின் செய்திகள், மருந்து நினைவூட்டல்கள் எல்லாம் கணினிக்கு மாற்றியாயிற்று.

ஒலிப்பதிவு என்று ஒரு கோப்புறை இருந்தது. பெரிய பெரிய கோப்புகள். மாற்றும்போதெல்லாம் பழைய கணினி நடுவில் திணறி நின்றது. ஒன்றைத் திறந்து கேட்டேன். நான்! துப்பறியும் நாவல் வாசிக்கிறேன், தொண்டையைச் செருமுகிறேன், பக்கம் புரள்கிறது. இன்னொன்றைத் திறந்தேன். அதுவும் நான். பதிவு செய்ய அழுத்தும் சின்னம் திரையின் கீழ் மூலையில் இருக்கிறது. பார்வை இல்லாத விரல், கை தவறிப் பட்டிருக்கும். பாவம், எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறேன்.

தன் குரலைத் தானே கேட்பது மிகவும் சங்கடமான விஷயம். மாற்றாமல் விட்டுவிட்டேன். வேண்டுமென்றால் நான்தான் இருக்கிறேனே, எதிர் நாற்காலியில்.

பட்டியலில் எல்லா வரிக்கும் குறி போட்டாயிற்று.

பிப்ரவரி 14, புதன்

ராதியாவின் கடை. திரையில் எச்சரிக்கை: பூட்டைத் திறந்தால் அனைத்தும் அழியும், திரும்பப் பெற இயலாது. சம்மதமா? ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால் சம்மதம். விரல் அதன்மேலேயே நின்றது.

"ஹாஜி, அது போன். கிணறு இல்ல. அழுத்துங்க!"

அழுத்தினேன்.

போனை எழுப்பும் தொடக்கக் கோப்பை எடுத்து, அதில் மாற்றம் செய்து, கம்பி வழியாகத் திரும்ப ஏற்றினோம். திரை கறுத்தது. கறுத்தே கிடந்தது. ராதியா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் தொங்கிய போன் உறைகளை எண்ணத் தொடங்கினேன். திரையில் வெளிச்சம் வந்தது. ராதியா லுத்ஃபியை உள்ளே உட்கார வைத்தாள். சோதித்துப் பார்க்க ஏதோ தட்டினாள். அவன் கம்பீரமாக வாசித்தான்: "ஹாஜி ஒரு பயந்தாங்கொள்ளி." மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அவள் கையில் கொடுத்தேன். காதில் வைத்துக்கொண்டாள். பேட்டைப் பக்கத்தைத் தொட்டாள். கொல்லர் தெருவில் எவரோ ஒரு முதியவர் இறந்திருக்கிறார். லுத்ஃபி அந்தப் பெயரைத் தாழ்ந்த குரலில், ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் விட்டு வாசித்தான்.

"எங்கடா போயிருந்தே?" என்றாள் போனிடம். பிறகு என் பக்கம் கையை நீட்டித் துழாவி, என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். அது அவள் நன்றி சொல்லும் முறை.

பிப்ரவரி 16, வெள்ளி

வீட்டில் மறுபடி மூன்று பேர். ஸால்ஹாவின் செய்தியில் நான் தாண்டிய பகுதியை லுத்ஃபி வாசித்துவிட்டான். சமையலறையிலிருந்து நீண்ட சிரிப்பு.

பிப்ரவரி 19, திங்கள்

ஐந்தாவது எண். ரூட் செய்த போனில் புதுப்பிப்பை நேராக அழுத்தக் கூடாது. முதலில் மூலத் தொடக்கக் கோப்பை ஏற்ற வேண்டும். பிறகு புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு புதிய தொடக்கக் கோப்பை எடுத்து மாற்றம் செய்து ஏற்றி, லுத்ஃபியை உட்கார வைக்க வேண்டும். வரிசை மாறினால் போன் எழாது. புதுப்பிக்காமலே இருந்துவிடலாமே என்றால், அதுவும் பயமாக இருக்கிறது. திருடர்கள் உலாவும் ஊரில் பழைய தாழ்ப்பாளோடு தூங்குவது போல.

வங்கிச் செயலி இனி இந்தப் போனில் திறக்க மாட்டேன் என்கிறது. என் போனுக்கு மாற்றிக்கொண்டேன்.

தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைத்தாயிற்று. மூலத் தொடக்கக் கோப்பு கணினியில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று, ராதியாவின் கடையில் ஒன்று. இப்போதுதான் கொஞ்சம் மூச்சு வருகிறது.

மார்ச் 2, சனி

எழுத முடியவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

அஸர் தொழுகை முடிந்து வந்தேன். அவள் போனைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"மனுஷா, உன்னை எங்க கொண்டுபோய் வச்சே?"

"என்னையா?"

"மத்தியானக் கதையெல்லாம். நான் பிடிச்சு வச்சது. லுத்ஃபி வந்த சந்தோஷத்துல அந்தப் பக்கமே போகலை, புதுசாவும் பிடிக்கலை. இன்னிக்கு அவன்கிட்ட கேட்டா, 'கோப்புறை காலி'ங்கறான்."

பிடித்து வைத்தது. கை தவறி அல்ல. பிடித்து வைத்தது!

"கணினியில் இருக்கிறது" என்றேன். "இன்னும் போனுக்கு மாற்றவில்லை."

என் வாயா அது? அவ்வளவு சரளமாக வந்தது.

"அவசரமில்ல. பெருநாளுக்குள்ள மாத்திக் குடு" என்றாள். நிம்மதியாகத் தேநீரை உறிஞ்சினாள். பாதாம் மிதக்கும் தேநீர். எனக்கும் ஊற்றி வைத்திருந்தாள். குடிக்க முடியவில்லை.

மார்ச் 4, திங்கள்

அழிந்ததை மீட்க முடியுமா என்று ராதியாவிடம் கேட்டேன்.

"கிழிச்ச காகிதம்னா ஒட்டிப் பார்க்கலாம் ஹாஜி. பூட்டைத் திறக்கும்போது உள்ள இருக்கற சாவியையே அழிச்சிடும். இது சாம்பல். என்ன இருந்துச்சு அதுல?"

"நான் வாசித்தது."

"அவ்வளவுதானா? நீங்கதான் குத்துக்கல்லாட்டம் இருக்கீங்களே!"

நானும் அதையேதான் நினைத்தேன் என்று சொல்லவில்லை. ஏன் பிடித்து வைத்தாள்? எதிரே உட்கார்ந்து வாசிக்கும்போது தூங்குகிறவள், அதைப் பிடித்து வைத்து என்ன செய்வாள்? கேட்க வாய் வரவில்லை. கேட்டால் பொய் வெளியே வரும்.

மார்ச் 12, செவ்வாய்

ரமலான் முதல் நோன்பு. சொல்லவில்லை. காய்ந்த பேய்க்கணவாய் போட்ட பார்லிக் கஞ்சி வைத்திருந்தாள். என் கிண்ணத்தில் அதிகமாகக் கணவாய். வயிற்றை மட்டும் பட்டினி போட்டு என்ன பயன்?

மத்தியான வாசிப்பு இந்த மாதம் இல்லை. நோன்பில் என் தொண்டை வறண்டுவிடும் என்று அவளே நிறுத்திவைத்தாள். "கணினியில இருக்கறதை வச்சு நான் சமாளிச்சுக்குவேன், மாத்திக் குடு" என்றாள். தலையாட்டினேன். அவள் கண்ணுக்குத் தெரியாது என்பதை மறந்து ஆட்டினேன். பிறகு "சரி" என்றும் சொன்னேன். இரண்டு பொய் ஆகிவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

போன் எழவில்லை. தயாரித்தவர்களின் சின்னம் வருகிறது, போகிறது, மறுபடி வருகிறது. தானாகப் புதுப்பிக்கும் வசதியை அணைக்க இரண்டு இடங்கள் உண்டாம். நான் ஒன்றைத்தான் அணைத்திருக்கிறேன். அது எங்களுக்குத் தெரியாமல் புதுப்பிக்கப் போய், பாதியில் சிக்கிவிட்டது.

பயந்துகொண்டே நஸீஹாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லுத்ஃபி போனாப் போகட்டும் மனுஷா. எதுக்கு இப்படிப் பயப்படறே? கணினில நீ இருக்கியே, அது போதும் எனக்கு."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

மார்ச் 20, புதன்

மூலத் தொடக்கக் கோப்பைத் திரும்ப ஏற்றினேன். போன் எழுந்தது. எதுவும் அழியவில்லை. புதுப்பிப்பை ஒழுங்காக முடித்து, லுத்ஃபியை உட்கார வைத்தேன். ராதியாவின் உதவி இல்லாமலே. "ஹாஜி, கடையை உங்களுக்கே எழுதி வச்சிடறேன்" என்றாள் தொலைபேசியில்.

கொஞ்சமும் சந்தோஷம் இல்லை. ஒரு தொடக்கக் கோப்பை, எந்த மனுஷனும் காது கொடுத்துக் கேட்காத ஒன்றை, மூணு இடத்துல பத்திரமா வச்சேன். அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. எல்லாத்தையுமான்னு கேட்டா. எல்லாவற்றையும்னேன். பெரிய பட்டியல்!

ஏப்ரல் 8, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பெருநாளுக்கு, உப்பு மீனோடு தொட்டுக்கொள்ளும் ஷர்மூலா கிண்டிக்கொண்டிருந்தாள். வெங்காயமும் உலர்திராட்சையும் குழைந்து கறுத்து வரும் வரை அடுப்பை விட்டு நகர மாட்டாள். கண்ணால் பார்த்துப் பதம் சொல்லும் வேலை. இப்போது மூக்கால் செய்கிறாள். நான் பக்கத்தில் உப்பு மீனை ஊறவைக்கக் கழுவிக்கொண்டிருந்தேன். கை இரண்டும் தண்ணீருக்குள் இருந்ததால் தைரியம் வந்ததோ என்னவோ.

"கணினியில் இல்லை" என்றேன்.

"எது?"

"உன் பதிவுகள். எடுத்து வைக்கவில்லை. நீ கை தவறி அழுத்தியது என்று நினைத்தேன். அழிந்துவிட்டது. உன்னிடம் பொய் சொன்னேன்."

கரண்டி நிற்கவில்லை.

"எல்லாமா?"

"எல்லாம்."

"நீ பாதியில தூங்கிப்போய்க் குறட்டை விட்டது?"

"அதுவும்."

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்த அன்னிக்கு வாசிச்சது?"

அன்றும் பிடித்து வைத்திருந்தாளா? தலைநகர் துனிஸிலிருந்து திரும்பும் வழியெல்லாம் இரண்டு பேரும் பேசவில்லை. இனி எழுத்து திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்கு வந்தவுடன், என்ன செய்வதென்று தெரியாமல் கையில் கிடைத்த நாவலை எடுத்து வாசிக்க ஆரம்பித்தேன். இருட்டும் வரை வாசித்தேன். அன்றுதான் தொடங்கியது இந்தப் பழக்கம்.

"அதுவும்" என்றேன்.

"வெங்காயம் கண்ணைக் கரிக்குது" என்றாள். "நீ வெளிய போ."

வெங்காயம் அரைத்துக் கொட்டி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

ஏப்ரல் 10, புதன்

பெருநாள். வழக்கம்போல் மீனில் முள் நீக்கி என் தட்டில் வைத்தாள். விரலால் தடவித் தடவி நீக்கினாள். "உப்பு சரியா?" என்றாள். "சரி" என்றேன். இன்று முழுவதும் எங்களுக்குள் நடந்த பேச்சு இவ்வளவுதான். வாழ்த்துச் செய்திகளை லுத்ஃபி ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டிருந்தான். வீட்டில் சத்தம் அவன் ஒருவனுடையது.

ஏப்ரல் 11, வியாழன்

பேசவில்லை.

ஏப்ரல் 13, சனி

சாப்பாட்டுக்குப் பின் என் நாற்காலியில் உட்காரப் பயமாக இருந்தது. நின்றுகொண்டிருந்தேன்.

"உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன்.

"எதுக்குப் பிடிச்சு வச்சேன்னு நீ கேக்கவே இல்ல."

"கேட்க… தைரியம் வரவில்லை."

"அது எப்ப உனக்கு வந்துச்சு? நீ பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் போறப்ப போட்டுக் கேப்பேன். நீ கடைசிப் பக்கத்தை முன்னாடியே பார்த்துடறே, தெரியுமா எனக்கு? கொலைகாரன் பேசற இடம் வந்தா உன் குரல் இறங்கும். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, எந்த இடத்துல மாட்டிக்கறேன்னு கண்டுபிடிப்பேன். ஒரு தடவை கூட நான் தோத்ததில்ல."

என் முகம் சுட்டது. கடைசிப் பக்கத்தைப் பார்ப்பது உண்மைதான். யார் செத்தார்கள், யார் கொன்றார்கள் என்று தெரியாமல் என்னால் நிம்மதியாக வாசிக்க முடியாது.

"நீதான் இரண்டாம் பக்கத்திலேயே தூங்கிவிடுவாயே."

"யார் சொன்னா தூங்கறேன்னு?"

"கண்ணை மூடிக்கொள்கிறாயே!"

"அட முட்டாள் மனுஷா! கண்ணைத் திறந்தா நீ இருக்கற இடத்துல ஓட்டை. காதும் தோளும்தான் தெரியும். மூடினா முழுசா உக்காந்திருக்கே, கண்ணாடியைத் தூக்கி நெத்தில விட்டுக்கிட்டு."

கையை எடுத்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

பிறகு அவளே சொன்னாள்: "டாக்டர் நாள் போனதுதான் ஆறலை. அன்னிக்கு நடுங்கிக்கிட்டே, ஒரு இடத்துல கூட நிறுத்தாம வாசிச்சே. நிறுத்தினா அழுதுடுவேன்னு பயம் உனக்கு. அதை மறுபடி வாசிக்கச் சொல்ல மாட்டேன். சொன்னாலும் வராது." அவள் கை நாற்காலியின் கையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "மத்ததும் வேண்டாம். அந்தக் கொலைகாரங்க எல்லாரையும் எனக்குத் தெரியும். புதுசா வாங்கிட்டு வா. வாங்கின உடனே கடைசி அத்தியாயத்தைக் கிழிச்சு என்கிட்ட குடு."

"நீ வாசிக்கவா?"

"என்னால வாசிக்க முடியாது. அதனாலதான் என்கிட்ட பத்திரமா இருக்கும்."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் என் சட்டைக் கையைத் துழாவிப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

ஏப்ரல் 15, திங்கள்

பாப் திவான் நடைபாதையில் தடிமனான நாவல் ஒன்று. கடைசி அத்தியாயத்தைப் பார்க்காமல் கிழிக்க, தலையைத் திருப்பிக்கொண்டு கிழித்தேன். புத்தகம் விற்றவர், "என்ன ஹாஜி, வாங்கினதுமே?" என்றார். கிழித்த தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

தாள்கள் அவள் தலையணைக்குள் இருக்கின்றன.

மே 5, ஞாயிறு

போனுக்குப் புதுப்பிப்பு வந்திருந்தது. இருவருமாக உட்கார்ந்து செய்தோம். முதலில் ஒலிப்பதிவுக் கோப்புறை. கணினி மூன்று தடவை திணறி நின்றது, மூன்று தடவையும் மறுபடி ஆரம்பித்தேன். பென் டிரைவில் ஒரு பிரதி, ராதியாவின் கடைக்கு ஒரு பிரதி. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு. "லுத்ஃபி குளிச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குளித்து வந்து உட்கார்ந்துவிட்டான். அவள் ஸால்ஹாவுக்கு நீண்ட பதில் ஒன்று சொல்லி அனுப்பினாள். கணவன்மாரைப் பற்றிய பகுதியில் என்னை வெளியே போகச் சொன்னாள்.

சாப்பாட்டுக்குப் பின் போனைத் தன் இடது ஓரமாக வைத்துக்கொண்டாள். அங்கே வைத்தால் சிவப்புப் புள்ளி தெரிகிறதாம். பதிவு ஓடுகிறதென்று அவளுக்குத் தெரிய வேண்டும். இப்போது எனக்கும் தெரிகிறது. செருமினேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று கேட்டேன்.

"நிறுத்தாதே. செருமலும் வரட்டும்."

வாசித்தேன். ஏழாம் அத்தியாயம். கப்பல் தலைவனா, சமையல்காரனா, அந்த விதவையா, யார் கொன்றது என்று எனக்கு இன்னும் தெரியாது. யார் பேசினாலும் என் குரல் ஒரே மாதிரி நடுங்குகிறது. இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிப்ரவரி ஆறாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதல் ஐந்தும் ஏறக்குறையச் சரிதான். யார் வாசிப்பு அவளுக்குப் பிடிக்கும் என்ற ஆறாவது தவறு.